26 வயதில் வாங்கிய புது காரும் 25 மாதக் கணக்கும்

தீபாவளிக்குத் திண்டுக்கல் போயிருந்தபோது சித்தி பையன் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். 24 வயது. கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "அக்கா, ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சு, இப்ப கார் எடுத்தா லாபம்னு எல்லாரும் சொல்றாங்க. எடுக்கட்டுமா?" என்று கேட்டான். கீழே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நான் ஏன் காரை விற்றேன் என்பது அவர்களில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. அம்மா எல்லாரிடமும் "அவளுக்கு மெட்ராஸ்ல கார் தேவைப்படலை, வித்துட்டா" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் அன்று அவனிடம் ஒன்றிரண்டு வார்த்தைதான் பேச முடிந்தது. அன்று சொல்லாமல் விட்டதை எல்லாம் தொகையோடு இங்கே எழுதுகிறேன். 2022-இல் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா தெரியாது, ஆனால் சொல்ல ஆள் இல்லை.

2022 ஜனவரியில் வேலை மாறினேன். ஐடி துறையில் எல்லாரும் கம்பெனி மாறிக்கொண்டிருந்த நேரம் அது. கைக்கு வந்த சம்பளம் 36,000-லிருந்து 58,000 ஆனது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, மே மாதம் கார் புக் செய்துவிட்டேன். தேவை இருந்ததா என்றால், இல்லை. சோழிங்கநல்லூர் ஆபீசுக்குக் கம்பெனி பஸ் இருந்தது. ஊருக்குப் போக பாண்டியன் எக்ஸ்பிரஸ். ஆசைதான் காரணம். சின்ன வயதிலிருந்து பழனிக்குப் போவதென்றால் மாமா காரில் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் கிளம்புவோம். அம்மா பின் சீட்டில் மூன்று பேருக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வருவார். ஒரு நாள் என் காரில் அவர் முன் சீட்டில் உட்கார வேண்டும் என்று ரொம்ப வருடமாக மனசில் இருந்தது. அந்த ஆசையை இன்றும் தப்பென்று நினைக்கவில்லை. அதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரமும் வழியும்தான் தப்பு.

ஷோரூமில் முதலில் பார்த்த வேரியண்ட் எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 9,72,000. அதற்கு அடுத்தது சன்ரூஃப், அலாய் வீலோடு 10,60,000. "மேடம், வெறும் 88,000தான் வித்தியாசம், மாசத் தவணையில பார்த்தா ஆயிரத்து நானூறு ரூபாதான்" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். தமிழ்நாட்டில் அப்போது 10 லட்சம் வரை சாலை வரி 10 சதவீதம், அதைத் தாண்டினால் 15 சதவீதம் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் வேரியண்டுக்கு 97,200 வரி, நான் எடுத்ததற்கு 1,59,000. அதோடு 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு, வருமான வரிக் கணக்கில் சேர்க்க 1 சதவீதம் டிசிஎஸ் என்று விற்கும்போதே பிடிப்பார்கள், அது 10,600. ஆக 88,000 வித்தியாசம் என்று சொன்னது கையை விட்டுப் போகும்போது 1,60,400. அந்த சன்ரூஃபை நான் மொத்தம் பத்து தடவை திறந்திருப்பேன், சென்னை வெயிலில் வேறு எப்படி. 2023 நவம்பரில் இந்த வரியை இன்னும் ஏற்றிவிட்டார்கள். இப்போது 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-லிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம். அதனால் 10 லட்சத்தை ஒட்டி விலை இருக்கிற காரைப் பார்க்கிறவர்கள் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று முதலில் பாருங்கள். டிசிஎஸ் பணத்தை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பக் கேட்கலாம், எனக்குப் பிடித்தது வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் தெரிந்தது. ஆபீசில் ஒரு அக்கா சொன்னதால்தான் எனக்கு அது திரும்ப வந்தது.

முழு பில்லையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்-ஷோரூம் 10,60,000, வரி 1,59,000, இன்சூரன்ஸ் 52,000, டிசிஎஸ் 10,600, நீட்டித்த வாரண்டி 18,000, சீட் கவர் மேட் வகையறா 32,000, ஹேண்ட்லிங் சார்ஜ் என்று 6,500, பதிவுக் கட்டணம் ஃபாஸ்டேக் எல்லாம் 2,900. எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை 13,41,000. இதில் ஹேண்ட்லிங் சார்ஜ் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இன்சூரன்ஸையும் ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. வெளியில் விலை கேட்டு அந்தக் காகிதத்தை நீட்டியிருந்தால் குறைத்திருப்பார்கள். டெலிவரிக்கு நல்ல நாள் குறித்தாகிவிட்டது, அம்மா அப்பா ஊரிலிருந்து கிளம்பிவிட்டார்கள். அந்த நிலையில் எனக்கு வாய் வரவில்லை. பேரம் பேசுவதென்றால் நாள் குறிப்பதற்கு முன்னால் பேசி, எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

முன்பணம் 2,91,000. அதில் என் சேமிப்பு 1,60,000. அது மொத்தமும் போனது. மீதி 1,31,000 அம்மாவின் சீட்டுப் பணம். என் கல்யாணத்துக்கு நகை எடுக்கவென்று அவர் மாதாமாதம் கட்டி வந்தது. "எனக்கு நகை வேண்டாம், கார் எடுத்துக்கறேன்" என்று நான்தான் அடம் பிடித்து வாங்கினேன். மீதி 10,50,000 கடன், எட்டரை சதவீத வட்டி, ஏழு வருடம், மாதம் 16,628. ஐந்து வருடம் என்றால் தவணை 21,500-க்கு மேல் போகிறது என்று ஏழுக்கு மாற்றினார்கள். அந்த இடத்தில் நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். ஐந்து வருடத் தவணையே கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தக் கார் என் சக்திக்கு மீறியது. ஏழு வருடத்தில் வட்டி மட்டும் 3,46,000-க்கு மேல். வங்கியில் "உங்க சம்பளத்துக்கு இதைவிட அதிகமாகவே கிடைக்கும்" என்று சொன்னதை நான் பாராட்டு மாதிரி எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு என் ஊதியச் சீட்டு தெரியும். நான் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறேன், கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

முதல் ஐந்தாறு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குப் பழனிக்குப் போனோம், அம்மா முன் சீட்டில். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை அவர் எதுவும் பேசவில்லை, சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த நாளை எதற்காகவும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் மாதச் செலவு நான் நினைத்த மாதிரி இல்லை. தவணை 16,628 என்று மட்டும்தான் என் மனசில் கணக்கு இருந்தது. பெரும்பாக்கத்தில் தோழிகளோடு இருந்த பழைய வீட்டில் கார் நிறுத்த இடம் இல்லை. இரண்டு மாதம் தெருவில் நிறுத்தினேன், எதிர்வீட்டுக்காரரோடு தினமும் சண்டை. கடைசியில் பார்க்கிங் இருக்கிற வீட்டுக்கு மாறியதில் வாடகை 4,000 கூடியது. ஓஎம்ஆர் நெரிசலில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் கொடுத்தது. பெட்ரோல் 102 ரூபாய்க்கு மேல் விற்ற நேரம், ஆபீஸ் போய் வரவே மாதம் 5,000. இன்சூரன்ஸ் புதுப்பிக்க மாதத்துக்கு 2,000 ஒதுக்க வேண்டும், சர்வீசுக்கு 1,000, கார் கழுவ 600. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திண்டுக்கல் போய் வந்தால் பெட்ரோலும் டோலும் சேர்ந்து 7,000. எல்லாம் கூட்டினால் மாதம் 32,000-லிருந்து 33,000. சம்பளம் 58,000. வீட்டுக்கு 10,000 அனுப்பி, வாடகை சாப்பாடு போக மிச்சம் என்று ஒன்றும் இல்லை. 2023 முழுக்க நான் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை.

பணத்தைவிட இன்னொன்று என்னை அதிகம் பாதித்தது. ஆபீசில் எதற்கும் மறுப்பு சொல்ல முடியாமல் போனது. சனிக்கிழமையும் வா என்றால் போனேன். வேறு கம்பெனியில் நல்ல வேலைக்கு அழைத்தார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. தவணையை நினைத்து வேண்டாம் என்றேன். 27 வயதில் ஒரு பெண் தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்க முடிவது பெரிய விஷயம். மாதா மாதம் 5-ஆம் தேதி போகும் தவணை அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

2023 மே மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது 2,400 ரூபாய் மிச்சம் பிடிக்க எஞ்சின் பாதுகாப்பு என்கிற கூடுதல் கவரை எடுத்துவிட்டேன். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் 3-ஆம் தேதி இரவு தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. தரைத்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் சீட் வரைக்கும் ஏறியது. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அன்று அது தோன்றவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும், உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று பதற்றத்தில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே இருக்கும்போது எஞ்சினைச் சுற்ற விட்டால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று மெக்கானிக் பிறகு விளக்கினார். வெள்ளத்தால் ஆன சேதத்தைச் சாதாரண முழு இன்சூரன்ஸ் ஏற்கும். ஆனால் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சினுக்கு வந்த சேதத்தை அந்தக் கூடுதல் கவர் இல்லாமல் ஏற்க மாட்டார்கள். பில் 1,86,000. இன்சூரன்ஸ் கொடுத்தது 92,000. மீதி 94,000 நான் கிரெடிட் கார்டில் போட்டு மாதத் தவணையாக மாற்றினேன். ஒர்க்‌ஷாப்பில் கார்கள் குவிந்து கிடந்ததால் கைக்கு வர ஏழு வாரம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். முடிந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

2024 பிப்ரவரியில் எங்கள் பிராஜெக்ட் முடிந்தது. கொஞ்ச நாள் வேலை எதுவும் ஒதுக்காமல் பெஞ்சில் வைத்திருந்து ராஜினாமா கேட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அதில் மார்ச் தவணை போனது. கிரெடிட் கார்டு தவணை, வாடகை எல்லாம் கட்டிய பிறகு ஏப்ரல் தவணைக்குக் கணக்கில் பணம் இல்லை. மே மாதமும் இல்லை. திரும்பிய தவணைக்கு வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர்கள் ஒரு அபராதம், தினமும் நான்கைந்து போன். அந்த போன்களில் பேசிய விதத்தை எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 780-லிருந்து 700-க்குக் கீழே போனது. வீட்டில் சொல்லாமல் ஆறு வாரம் ஓட்டினேன். வேலை போனதையே சொல்லவில்லை. பிறகு ஒரு ராத்திரி அம்மாவிடம் அழுதுவிட்டேன். அம்மா திட்டவில்லை. "நீ கார்ல வரணும்னு நாங்க கேக்கலையே பாப்பா" என்றார். மறுநாள் தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் அனுப்பினார். இப்படி ஒரு நிலைமை வந்தால் தவணை திரும்புவதற்கு முன்னாலேயே கடன் கொடுத்த இடத்துக்கு எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேளுங்கள். நான் போனை எடுக்காமல் ஒளிந்துகொண்டதால்தான் நிலைமை மோசமானது.

ஜூன் தவணையையும் கட்டிவிட்டு விற்பதென்று முடிவு செய்தேன். 25 தவணை கட்டியிருக்கிறோம், நாலு லட்சத்துக்கு மேல், கடன் பாதியாவது குறைந்திருக்கும் என்று நினைத்தேன். கட்டிய 4,15,700-இல் அசலுக்குப் போனது இரண்டரை லட்சம்தான். மீதி வட்டி. பாக்கி கிட்டத்தட்ட 8 லட்சம். முன்கூட்டி முடிப்பதற்கு 4 சதவீதக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி. மொத்தம் 8,37,300 கொடுத்தால்தான் கடன் பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி. கிடைக்கும். கார் 6,85,000-க்குத்தான் போனது. வெள்ளத்தில் நின்றதை மறைத்திருந்தால் இன்னொரு லட்சம் கூடியிருக்கும். வாங்குகிறவரும் என்னை மாதிரி கடன் வாங்கித்தான் வாங்குவார் என்று நினைத்ததும் மறைக்க முடியவில்லை, பில்லோடு காட்டினேன். ஆக காரையும் கொடுத்துவிட்டு, கையிலிருந்து இன்னும் 1,52,300 போட வேண்டியிருந்தது. 60,000 தோழி கொடுத்தாள், மீதி மறுபடி நகைக்கடன். சாவியைக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விற்பதிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கடன் முடிந்த பிறகு வங்கி தரும் என்.ஓ.சி.யையும் படிவம் 35-ஐயும் ஆர்டிஓவில் கொடுத்தால்தான் ஆர்.சி.யில் இருக்கிற கடன் குறிப்பு நீங்கும். அப்புறம் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். பெயர் மாறும்வரை அந்த வண்டியில் எது நடந்தாலும் பதிவில் இருக்கிற உங்களைத்தான் தேடி வருவார்கள்.

முன்பணம், தவணைகள், கடைசியில் போட்டது, ரிப்பேர் எல்லாம் சேர்த்து, திரும்ப வந்த டிசிஎஸ்ஸைக் கழித்தால் 9,42,400. ஓடியது 19,400 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 48 ரூபாய்க்கு மேல், பெட்ரோல் இல்லாமல். அத்தனை தூரமும் டாக்ஸியில் போயிருந்தாலும் இதில் பாதிதான் ஆகியிருக்கும்.

2024 ஆகஸ்டில் 54,000 சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. அம்மாவின் நகையை 2025 ஜூன் மாதம்தான் மீட்டேன்.

தம்பிக்கு இப்போது என்ன சொல்வது? ஜிஎஸ்டி குறைந்தது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கிற, 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம்தான். முன்பு செஸ்ஸோடு சேர்த்து 29 இருந்தது. விலையில் எட்டரை சதவீதம் குறைகிறது, நல்லதுதான். ஆனால் பெட்ரோலும் பார்க்கிங்கும் வட்டியும் அப்படியே இருக்கின்றன. வேலைக்கே கார் தேவைப்படுகிறவர்கள், நடக்க முடியாத பெற்றோரை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர்கள் எடுக்கட்டும். ஆறு மாதச் செலவுக்கும் தவணைக்கும் பணம் தனியாக இருந்து, பாதி விலையை முன்பணமாகப் போட முடிகிறவர்கள் ஆசைக்கே வாங்கினாலும் நான் தடுக்க மாட்டேன். மற்றவர்கள் நாலைந்து வருடம் ஓடிய காரை மூன்று, நாலு லட்சத்துக்குள் பாருங்கள். ஓட்டப் பழகும்போது விழுகிற கீறலும் மனசை அறுக்காது. அதில் வெள்ளத்தில் நின்ற கார் மாட்டாமல் இருக்க, சீட்டை முன்னால் தள்ளி அடியில் இருக்கிற கம்பியில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் வண்டல் ஒட்டியிருக்கிறதா, மேட்டைத் தூக்கினால் ஈர வாடை வருகிறதா பாருங்கள். என் காரில் இந்த மூன்றும் இருந்தன.

அவனிடம் ஒன்றே ஒன்று செய்யச் சொன்னேன். நீ எடுக்க நினைக்கிற காருக்குத் தவணை 14,000 என்றால், அதோடு ஓட்டுகிற செலவு 10,000 சேர்த்து, சம்பளம் வந்த அன்றே 24,000-த்தை வேறு கணக்குக்கு மாற்று. கார் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் அந்தப் பணத்தைத் தொடாமல் இரு. முடிந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் முன்பணம் சேர்ந்திருக்கும், நானே உன்னோடு ஷோரூமுக்கு வருகிறேன் என்றேன். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் முழுதாகப் போட்டான். ஜனவரியில் பைக் எஞ்சின் வேலையும் சித்தியின் கண் ஆபரேஷனும் வந்ததில் 9,000தான் போட முடிந்தது. "இதே கார் இருந்திருந்தா இந்த மாசம் என்னக்கா பண்ணியிருப்பேன்?" என்று நேற்று ராத்திரி போனில் கேட்டான். புக்கிங் இன்னும் கொடுக்கவில்லை. பிப்ரவரியில் மறுபடி முழுதாகப் போடப் பார்க்கிறேன் என்றான்.